அரையடி குறைந்த ஓட்டம்

கண்காட்சி வளையத்தில் அரபுக் குதிரையைக் காட்டுபவர் அதன்மேல் ஏறுவதில்லை. கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடுகிறார். இருபத்தாறு ஆண்டுகள் அப்படி ஓடியவருக்கு லாயத்தில் ‘ஓட்டக்காரர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. இடது முழங்கால் ஓராண்டாக முரண்டு பிடித்தது. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

அவ்வாண்டு அவர் காட்டிவந்த வெள்ளைப் பெண்குதிரை இரண்டு போட்டிகளில் நடைக்கான மதிப்பெண்ணை இழந்தது. குளம்பு தரையில் பாவாமல் ஓடிய குதிரை, இப்போது எட்டு வைக்கும் தூரத்தைக் குறுக்கி ஓடியது. மருத்துவர் நான்கு கால்களையும் மடக்கி நீட்டிப் பார்த்து, குறையேதும் இல்லை என்றார். மறுநாள் மூன்றாம் போட்டி. அதிலும் சறுக்கினால் குதிரையை விற்றுவிடுவதென்று உரிமையாளர் முடிவு செய்திருந்தார்.

பழி லாடத்தின்மேல் விழுந்தது. லாடம் அடிப்பவர் ஓட்டக்காரருடைய தங்கையின் கணவர்.

“லாடத்துலதான் ஏதோ கோளாறு, மாப்ளே.”

“ஆமா மச்சான், மழை வரலைன்னாலும் என் சுத்தியல்தான் காரணம்.”

லாடக்காரர் பயிற்சித் திடலின் மணலைச் சீவிச் சமன்படுத்தி, குதிரையைத் தனியே ஓடவிட்டார். பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி அரையடி முன்னே விழுந்தது. பிறகு ஓட்டக்காரரையும் கூட ஓடச் சொன்னார். இம்முறை பின்னங்குளம்பு முன்தடத்தின்மேலேயே விழுந்தது. பக்கத்தில் ஓட்டக்காரரின் காலடிகள் நெருங்கி நெருங்கிக் கிடந்தன. இடக்காலின் தடம் மட்டும் சரியாகப் பதியவில்லை.

“உங்களை விட்டுட்டுப் போக அதுக்கு மனசு வரலை, மச்சான். உங்க காலுக்கு ஏத்த மாதிரி அடக்கி ஓடுது. முட்டிக்கு வேணும்னா ஒரு லாடம் அடிச்சுத் தரவா?”

ஓட்டக்காரர் சிரிக்கவில்லை. தன்னை முந்தாமல் ஓட அதை ஏழாண்டு பழக்கியவர் அவரேதான். தடங்களின் ஓரமாகத் திடலின் மறுகோடிவரை நடந்து திரும்பினார். தங்கை தீவனத் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நாள்தோறும் காலையில் குதிரைகளோடு ஓடி அவற்றின் உடம்பைச் சூடேற்றுபவள் அவள். அவளிடம் கயிற்றை நீட்டினார்.

“நாளைக்கு நீ ஓடு.”

“நானாண்ணே? நடுவர் முன்னாடி வாயில நுரை தள்ளிடும். குதிரைக்கில்ல, எனக்கு.”

“தள்ளட்டும். கயித்தை மட்டும் இறுக்காதே.”

மறுநாள் அவர் வேலிக்கு வெளியே நின்றார். குதிரை வாலைத் தூக்கி, எட்டை நீட்டி, தங்கை ஈடுகொடுக்கத் திணறும்படி வளையத்தைச் சுற்றியது. நடைக்கு இருபதுக்குப் பத்தொன்பது கிடைத்தது. விற்பனைப் பேச்சு அத்துடன் நின்றது.

தங்கை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். “எப்படிண்ணே இருந்துச்சு?”

“மூணாவது வளைவுல கையைத் தாழ்த்திட்ட,” என்றார் ஓட்டக்காரர். “அடுத்த போட்டியில தாழ்த்தாதே.”