கறுப்புக் கரை போட்ட பலகை

குடும்பம் புலம்பெயர்ந்து வந்த மனுரேவாவில் எங்கள் அப்பா உள்ளூர்ச் சபைத் தேர்தலுக்கு நின்ற வருடம், வேலியோரப் பிரசாரப் பலகை எப்படி இருக்கவேண்டும் என்பதில் வீட்டில் எல்லோரும் நிபுணராகிவிட்டார்கள். ஓடுகிற காரில் இருந்து வாசிக்கமுடியாதது வெறும் அட்டை என்பது அண்ணாவின் கட்சி. பள்ளிக்கூடத்தில் அவன் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தான். மாதிரிப் பலகையை வேலியில் சாத்திவிட்டு அப்பா காரை ஓட்ட, பின்சீட்டில் இருந்து நான் சத்தமாக வாசிக்கவேண்டும். எங்கள் குடும்பப் பெயரில் பாதியைத் தாண்டுவதற்குள் அடுத்த வீட்டு வேலி வந்துவிடும். பெயரை நம்பிப் பயனில்லை, முகத்தைப் போடுவோம் என்று முடிவாயிற்று.

அண்ணா கணினியில் அப்பாவின் நரையைக் கறுப்பாக்கினான். கண்ணுக்குக் கீழிருந்த சுருக்கங்களை அழித்தான். பச்சை வேலிக்கு முன்னால் எடுப்பாகத் தெரியட்டும் என்று சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை போட்டான். நடுவில் முகம், கீழே பெயர். அப்பாவுக்குப் பத்து வயது குறைந்திருந்தது. ஊருக்கெல்லாம் அச்சடித்து, முதல் பலகையை எங்கள் முற்றத்தில் றோட்டைப் பார்க்க நட்டோம்.

அன்று பின்னேரம் வந்த அப்பாவின் கூட்டாளி வாசலிலேயே நின்றுவிட்டார். "உதென்னப்பா, கறுப்புக் கரையோடை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சிரிக்கத் தொடங்கியவர், தேநீருடன் வந்த பெரியம்மாவைக் கண்டதும் சிரிப்பை விழுங்கினார்.

"வெள்ளைக்காரருக்கு உது விளங்கப்போகுதே" என்று அப்பா முணுமுணுத்தார். எனக்கும் விளங்கவில்லை. இங்கே பிறந்த நான் அப்படியொரு நோட்டீசைப் பார்த்ததே இல்லை.

பெரியம்மா, அப்பாவின் அண்ணனுடைய மனைவி, எங்களோடுதான் இருந்தார். ஊரில் போர் முடிந்த நாட்களில் பெரியப்பாவை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள், அவர் திரும்பவில்லை. அவர் இல்லை என்று யாரும் சொல்லவுமில்லை. அதனால் பெரியம்மா பொட்டை அழிக்கவில்லை, அவருடைய படத்தைச் சுவரில் மாட்ட விடவுமில்லை. சுவருக்குப் போனால் மாலையும் வந்துவிடும் என்பார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பலகை வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

காற்றுத்தான் என்று சொல்லி அண்ணா அதைத் திருப்பி நட்டு, சுத்தியலால் இறுக்கினான். மறுநாளும் அது வீட்டைப் பார்த்தது. எதிராளியின் வேலை என்றான். எதிராளிக்கு வேறு வேலையில்லையா? அப்பா வேலையில் இருப்பார். அவரைவிட இளைய அப்பா ஒருவர் முற்றத்தில் நின்று என்னைப் பார்ப்பார். அண்ணா வரும்வரை திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருப்பேன். பெரியம்மாவோ ஒன்றும் காணாதவர்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காய்ச்சல் என்று என்னைப் பெரியம்மாவோடு வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். யன்னலால் பார்த்தேன். தலை முழுகிய ஈரக் கூந்தலுடன் பெரியம்மா பலகையைப் பிடுங்கித் திருப்பினார். முகத்தில் படிந்திருந்த பனியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார், "நல்லா மெலிஞ்சுபோனியள்."

'இஞ்சாருங்கோ' என்று அப்பாவைக் கூப்பிடுவது அம்மா; பெரியம்மா அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பதில் கேட்கிறவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு, "ஓம், ஓம்" என்றார்.

போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்தலில் அப்பா மண்ணைக் கவ்வினார். நட்ட பலகைகளைப் பொறுக்கிவந்து பார்த்தால் ஒன்று குறைந்தது, எங்கள் முற்றத்துப் பலகை. அப்பா தெரு முழுக்கத் தேடினார். குப்பை போடப் போன நான் தொட்டிக்குள் நீளநீளமான கறுப்புப் பட்டைகளைக் கண்டேன். அப்பாவின் பெயர் இருந்த துண்டும் கிடந்தது. முகத்தைத் தேடினால், அது பெரியம்மாவின் அறையில், அலுமாரிக்குப் பின்னால் இருந்தது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஏசவில்லை. தொட்டியைத் திறந்து, பட்டைகளின் மேல் பழைய கடதாசிகளை வைத்து அமுக்கினார். "அப்பாட்டைச் சொல்லாதை" என்றார்.

அலுமாரிக்குப் பின்னால் கொள்ளாது என்றுதான் பெரியம்மா அதை வெட்டிச் சின்னதாக்கினார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். போன மாதம் வீடு மாறுவதற்காக அந்த அலுமாரியை நகர்த்தினோம். அதன் பின்னால் முழுப் பலகைக்கும் இடம் இருந்தது.