டாக்டருக்குத் தெரியாத டப்பா

இன்று பேத்தி நித்யாவோடு கும்மிடிப்பூண்டியில் டாக்டரைப் பார்த்து வந்தேன். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். ஆம்பளைகளே அவள் பேச்சைக் கேட்பார்கள்.

அவளுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்கிறது. மாதாமாதம் வலி அவளைச் சுருட்டிப் போடும். அடுத்த வாரம் ஆபரேஷன்.

டாக்டரம்மா கேட்டார், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

"இல்ல மேடம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாடி இல்லன்ற? டெய்லி நாஷ்டா துன்னுட்டு மூணு முழுங்கிக்கினுதான கீற?"

"ஐயோ ஆயா, அது மருந்து இல்ல, சத்து மாத்திரை. கம்பெனி பஸ்ல எல்லாரும்தான் போடறாங்க."

அவள் மறந்துவிடுவாள் என்று அவள் மாத்திரையை எப்போதும் என் பையில்தான் வைத்திருப்பேன். மூன்று டப்பாவையும் மேசைமேல் வைத்தேன். நித்யா முறைத்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். "வைட்டமின் டி இருக்கட்டும், உனக்கு ரத்தத்துல கம்மிதான். மஞ்சள்தூள்ல செஞ்ச மாத்திரையும் மீன் எண்ணெயும் இன்னிக்கே நிறுத்திடு. ஆபரேஷன்ல ரத்தப்போக்கு அதிகமாகலாம். நல்லவேளை, இப்பவே காட்டினீங்க. கடைசி நேரத்துல தெரிஞ்சிருந்தா ஆபரேஷனையே தள்ளிப் போட வேண்டியிருக்கும்."



"மானத்த வாங்கிட்ட ஆயா" என்றாள் வெளியே, சிரித்துக்கொண்டே.

"போனா போவுது. ஆபரேஷன் தள்ளிப் போவல இல்ல?"

உங்கள் வீட்டில் டாக்டருக்குத் தெரியாத டப்பா என்னென்ன இருக்கிறது? கீழே எழுதுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், டாக்டரைத் தவிர.