கேமராவில் விழுந்த தலையசைப்பு

மணமேல்குடி சந்தையில் மீன்கடை போட்டிருந்தவருக்கு உதவும் மகள் கலாவைப் பற்றி, கல்லூரிக்காக ஆவணப்படம் எடுத்தேன். அப்பா ஒவ்வொரு மீனையும் அவளிடம் நீட்டினார். அவள் மோந்து பார்த்துத் தலையசைத்த பிறகே தராசில் வைத்தார்.

“அப்பாவுக்கு வாசனை தெரியாதா?” என்று எல்லோர் முன்பும் கேட்டுவிட்டேன்.

கலா திடுக்கிட்டாள். “சளிங்க.”

வாங்க நின்றவர்கள் பையை மடக்கினார்கள். கெட்ட மீன் என்று பேச்சுக் கிளம்பினால் கடை அவ்வளவுதான்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். “சளி இல்லத்தா. கொரோனா வந்ததுலேருந்து எனக்கு வாசமே தெரியல. எம்மவதான் பாத்துச் சொல்லுது.”

வாங்க வந்தவர்களில் முன்னால் நின்ற ஒரு பெண்மணி பையை விரித்துக் கலாவிடம் நீட்டினார்.

“அப்ப நீ எதுக்குய்யா நடுவுல? அங்கிட்டு நகரு. அதுவே எடுத்துப் போடட்டும்.”

அப்பா சிரித்துக்கொண்டே நகர்ந்தார். அது யாருடைய கடை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.