பேர் சொல்லாத பொடி

என் அப்பா முத்துக்கருப்பன் வாழைத்தாரை இடது தோளில்தான் ஏற்றுவார். யானைக்கல் பக்கத்து மண்டியில் முப்பது வருடம் லாரியிலிருந்து தார் இறக்கியவர். தோளில் சும்மாட்டுத் துணி, அதன்மேல் தார். இடது கை மேலே போய்த் தண்டைப் பிடித்துக்கொள்ளும். வலது கை சும்மா வீசிக்கொண்டு வரும்.

"வலது கை எதுக்குப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"வழியில நிக்கிறவன ஒதுக்க" என்றார்.

வேலை முடிந்ததும் மருந்துக் கடையில் வலி மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். மண்டியில் எல்லாரும் அப்படித்தான். தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்கப் போகணும், அந்த நேரத்தில் இரண்டு தார் இறக்கிவிடலாம். அந்த மாத்திரையும் தாகமும்தான் என்னை மூன்று வருடம் கல்லூரிக்கு அனுப்பின. அப்போது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் படிப்பை நிறுத்தியிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் படுகிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வேதியியல். பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா புதுச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். எல்லார் முன்னாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. "போட்டுக்கங்கப்பா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "அப்புறம் போட்டுக்கிறேன் தாயி" என்றார். கால் வீங்கி, செருப்பு உள்ளே போகவில்லை என்பது வீட்டுக்கு வந்து அம்மா பார்த்துத்தான் தெரிந்தது. அன்று எடுத்த படத்தில் நான் அங்கியோடு நிற்கிறேன், அப்பா செருப்பில்லாமல் நிற்கிறார்.

கால் வீக்கத்துக்காகச் செய்த பரிசோதனையில் அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன. ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சில மாதத்தில் டயாலிசிஸ் தேவைப்படும். அதற்கு இப்போதே கையைத் தயார் செய்ய வேண்டும். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு இரத்தக் குழாய்களை இணைப்பார்கள். அது பலப்பட இரண்டு மாதம் ஆகும். அதன்பிறகு அந்தக் கையில் எடை தூக்கக் கூடாது.

"எந்தக் கை சோத்துக் கை?" என்று கேட்டார்.

"வலதுதாங்க."

"அப்ப இடது கையில பண்ணிரலாம்."

அப்பா சிரித்தார். "சோறு திங்கிறது இந்தக் கை சார். சம்பாதிக்கிறது அந்தக் கை."

டாக்டரும் சிரித்தார். தேதி குறித்துக் கொடுத்தார். அந்தத் தேதிக்கு அப்பா போகவில்லை.

அதற்குக் காரணம் பேயாண்டி மாமா. அப்பாவோடு ஒரே லாரியில் தார் இறக்குகிறவர். தன் ஊர்ப் பக்கம் ஒருத்தர் பொடி கொடுக்கிறார், உப்பு தன்னால் இறங்கிவிடும் என்று சொல்லி, செய்தித்தாளில் மடித்த பொட்டலங்களைக் கொண்டுவந்தார். இரத்தத்தில் கிரியாட்டினின் கூடுவதை எங்கள் பக்கம் உப்பு கூடிவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

"ஒரு மண்டலம் மாப்ள. நாப்பத்தெட்டு நாள். விடியுமுன்ன வெறும் வயித்துல. என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது, யார்ட்டயும் சொல்லவும் கூடாது. சொன்னாப் பலிக்காது."

"பொண்டாட்டிகிட்டயுமா?" என்றார் அப்பா.

"அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரிடா."

அம்மா தங்கப்பொண்ணு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு எல்லாம் கேக்குது, அண்ணே" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மருந்தின் பேரைச் சொன்னால் அதன் வீரியம் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொடுக்கிறவர் சொல்ல மாட்டார், வாங்குகிறவர் கேட்க மாட்டார். கேட்பதே நம்பாததற்கு அடையாளம். அப்பா வாக்குக் கொடுத்தால் மாற மாட்டார்.

பொடி தொடங்கிப் பதினைந்தாம் நாள் நான் அவரை விளாங்குடியில் இருக்கும் ஆயுர்வேத டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆயுர்வேதம் என்றதும் அப்பா மறுக்காமல் வந்தார். என் மனதில் இருந்தது வேறு. அந்தப் பொடி என்னவென்று படித்த ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னால் திட்டுவார்கள், இவர் திட்ட மாட்டார் என்று நினைத்தேன்.

டாக்டர் ஸ்வர்ணாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நாங்கள் போனபோது போனில் தன் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி ஃபைலை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படித்தார்.

"ஐயா, சுருங்கின கிட்னியைத் திருப்பிக் கொண்டுவருவேன்னு நான் சொன்னா, அது பொய். ஆஸ்பத்திரி மாத்திரை ஒண்ணைக்கூட நிறுத்தக் கூடாது. கை ஆபரேஷனையும் தள்ளிப் போடாதீங்க. அதோட சேத்து நான் செய்யக்கூடியது சிலது இருக்கு. தூக்கம், மலச்சிக்கல், தோல் அரிப்பு, சாப்பாடு."

வலி மாத்திரையை அன்றோடு விடச் சொன்னார். காய்களை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னார். வாழைப்பழமும் இளநீரும் வேண்டாம் என்றார். "வாழை மண்டிக்காரன்கிட்டப் போய் வாழைப்பழம் வேணாங்கிறீங்களே, தாயி" என்று அப்பா வருத்தமாகச் சொன்னார். உள்ளுக்கு மருந்து எதுவும் இப்போது தரவில்லை. "நான் எது குடுத்தாலும் அந்த டாக்டருக்குத் தெரியணும். அவர் குடுக்கிறது எனக்குத் தெரியணும். அவர்கிட்டப் பேசிட்டுத்தான் தருவேன்."

பிறகு கேட்டார். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்து, வேர், பொடி?"

"இல்லீங்க" என்றார் அப்பா.

டாக்டர் என் பக்கம் திரும்பி மறுபடியும் கேட்டார். "ஏதாவது?"

நான் அவரை அழைத்துப் போனதே அந்தக் கேள்விக்காகத்தான். மேசையின் கீழே அப்பாவின் இடது கை என் மணிக்கட்டைத் தொட்டது. பிடிக்கக்கூட இல்லை, தொட்டது, அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அப்பாவுக்குப் பயந்து வாயை மூடினேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். வேதியியல் படித்த நான், பேரைச் சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். பலித்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

முப்பத்தோராம் நாள் நான் தல்லாகுளத்தில் போட்டித் தேர்வு வகுப்பில் இருந்தேன். காலை ஒன்பதரை மணிக்குப் பேயாண்டி மாமா போனில் அழைத்தார். தாரோடு அப்பா கீழே விழுந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் குழாய் போட்டு அவசர டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. பொட்டாசியத்தின் அணு எண் பத்தொன்பது என்று எனக்குத் தெரியும். ஐந்துக்குள் இருக்க வேண்டிய அது, அப்பாவின் இரத்தத்தில் ஆறு புள்ளி எட்டு இருந்தது. இதயம் நின்றிருக்க வேண்டியது என்றார்கள்.

கிட்னி டாக்டர் வெளியே வந்து கேட்டார். "என்ன சாப்பிட்டாரு? மறைக்காம சொல்லுங்கம்மா. தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யணும்னு யோசிக்க முடியும்."

இந்த முறை சொன்னேன். பொடி என்றேன்.

"என்ன பொடி?"

எனக்குத் தெரியவில்லை. கதவோரம் நின்றிருந்த பேயாண்டி மாமாவைப் பார்த்தேன். அவர் சும்மாட்டுத் துணியை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்.

"எனக்கும் தெரியாது தாயி. நானும் கேக்கலயே."

அங்கிருந்தே அந்த ஊருக்குப் போன் போட்டார். பொடி கொடுத்தவர் பழனிக்குப் போயிருந்தார், அவரிடம் போன் இல்லை. சொல்ல வாய் திறந்தபோது என்னிடம் சொல்வதற்குப் பேர் இல்லை.

மிச்சமிருந்த பொட்டலத்தை டாக்டர் ஸ்வர்ணாவிடம் கொண்டுபோனேன். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார், முகர்ந்தார். "நெருஞ்சில் இருக்கு. அது எங்க மருந்துதான். ஆனா யாருக்கு, எம்புட்டுன்னு பாத்துக் குடுக்கணும். மத்ததெல்லாம் என்னன்னு தெரியல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

"இதாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"இருக்கலாம். நோய் தன்னாலயும் கூடியிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது." பொடியைத் திரும்பத் தாளில் கொட்டி மடித்தார். "அன்னைக்கு ரெண்டாவது தடவ உன்னப் பாத்துத்தான் கேட்டேன்மா."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு இடது கையில் ஆபரேஷன் நடந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். டாக்டர் ஸ்வர்ணா ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, அரிப்புக்குப் பூச ஓர் எண்ணெய் கொடுத்தார். சாயங்காலம் அதை அப்பாவின் கால்களில் தேய்ப்பேன். அது நோயை ஒன்றும் செய்யாது. அன்று அவர் சொறியாமல் தூங்குவார், அவ்வளவுதான். அந்த அவ்வளவு எனக்குப் பெரிதாக இருந்தது.

பொடியைப் பற்றி அப்பா ஒரே ஒரு முறைதான் பேசினார். "பதினேழு நாள் பாக்கி இருந்துச்சு" என்றார். நான் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நீ சொல்லியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம் என்று நானும் சொல்லவில்லை.

ஒருநாள் மண்டிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். லாரி வந்ததும் இடது கை தானாக மேலே போனது. பேயாண்டி மாமா தாரோடு போகும்போது, "மாப்ள, வழியில நிக்காத" என்றார். அப்பா சிரித்து வலது கையை வீசினார்.

ஆபரேஷன் செய்த கையில் தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும், தண்ணீர் மோட்டார் ஓடுவது போல. அது நிற்காமல் ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். காலையில் அது என் வேலை.

"மோட்டார் ஓடுதா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள்.

"ஓடுது" என்பேன்.

"அப்ப மேத்தொட்டி ரொம்பிரும்" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

பதினோரு மாதம் இப்படிப் போனது. ஐப்பசியில் ஒரு காலை, மழை பெய்து விட்டிருந்தது. தேநீர் தம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கம்போல அவர் கையைத் தொட்டேன். விரலை நகர்த்தி, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தேன். கை குளிர்ந்திருந்தது.

"ஓடுதா?" என்றாள் அம்மா.

நான் கையை அப்பாவின் மார்பில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் எதுவும் ஓடவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள்.