கடற்படைக் கப்பலருகே கொளுத்திய மத்தாப்பு

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவைகளைத் தயாரித்துச் சோதிப்பது என் வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர் கிளம்பினால் பையில் சாம்பிள் இருக்கும். சென்ற ஆண்டு அக்காள் குடும்பத்துடன் தூத்துக்குடி சென்றபோது நானும் புதிய சிவப்பு மத்தாப்பு ஒன்றை எடுத்துச் சென்றேன். கடற்காற்றில் அது அணையாமல் எரிகிறதா என்று பார்க்க விரும்பினேன்.

மாலையில் வாடகைத் தோணியில் கடலைச் சுற்றிப் பார்க்கப் போனோம். கடற்படைக் கப்பல் ஒன்று நங்கூரமிட்டு நின்றது. காற்று, ஈரம், பாய்த்துணி மூன்றையும் கவனித்துவிட்டுக் கொளுத்தினேன். கப்பலை நான் யோசிக்கவே இல்லை. சுற்றிலும் தண்ணீர் சிவந்தது.

உடனே ஒரு ரோந்துப் படகு எங்களை நோக்கிச் சீறி வந்தது. அதில் இருவர் துப்பாக்கியை நீட்டியிருந்தனர். மத்தாப்பைக் கடலில் எறியக் கையை ஓங்கினேன்.

"எறியாதீக தாயி! குண்டு வீசுதீகன்னு சுட்டுப்புடுவான்!" என்று தோணிக்காரர் அலறினார்.

அக்காள் குழந்தையைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். அணையாதபடி நானே கலந்த மருந்து என் கையில் எரிந்துகொண்டே இருந்தது. அசையாமல் பிடித்திருந்தேன்.

அத்தான் இரு கைகளையும் தூக்கி, "நாங்க சிவகாசி சார்! வெறும் மத்தாப்பு சார்!" என்றார். துப்பாக்கிகள் இறங்கவில்லை.

அது எரிந்து முடிந்த பிறகே படகிலிருந்த அதிகாரி பேசினார். "கடல்ல செவப்பு வெளிச்சம்னா ஆபத்துன்னு அர்த்தம். அதையும் கடற்படைக் கப்பல் பக்கத்துல கொளுத்துனா தாக்க வந்தவங்களோன்னுதான் சந்தேகப்படுவோம். கைய வீசியிருந்தா சுட்டிருப்போம்மா."

இப்போது வெளியூருக்கு நான் சாம்பிள் எடுத்துச் செல்வதில்லை. துறைமுக ஊர்களுக்குப் போகும் சிவப்பு மத்தாப்புப் பெட்டிகளில் 'கடலில் கொளுத்தாதீர்கள்' என்று அச்சிட வைத்திருக்கிறேன். பெட்டியைப் பிரிப்பவர்கள் அதைப் படிப்பார்களா என்பதுதான் என் பயம்.