தானாக நடந்த அம்புக்குறி

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் என்பவன் இரண்டு பேருக்கு நடுவே சமரசம் பேசப் போகிறவன். என்ன, அந்த இரண்டு பேருக்கும் வாய் கிடையாது. பிரிண்டர் "நான் வந்துவிட்டேன்" என்று நிற்கும். கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கும். புதிதாக வாங்கிய யுஎஸ்பி சாமானை ஆசையோடு சொருகிவிட்டு, ஒன்றும் நடக்காமல் திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நீங்கள் ஒரு தடவை விழித்தீர்கள். நான் அதையே பிழைப்பாக வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் தக்கலை பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மாடி அறையில் என் கடை. ஜன்னலைத் திறந்தால் தென்னை ஓலையும் அதற்குப் பின்னால் மலைமேல் படுத்திருக்கும் மேகமும் தெரியும். சாரல் விழுகிற மத்தியானங்களில் எனக்கு வேலை பாதி, சொப்பனம் பாதி. அப்படி ஓர் ஆடிச் சாரலில் நடந்தவை இவை.

நீரோட்டம்

சூசையண்ணன் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். சொந்தப் போட்டில் ஆழ்கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் முடியச் சில நாட்களே இருந்தபோது, கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் இரண்டோடு மாடியேறி வந்தார். ஒன்று புதிது. மற்றது பழசு, அதன் திரையில் கறுப்புக் கோடுகள் படர்ந்து எண்களை மறைக்கத் தொடங்கியிருந்தன. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். அவருடைய அப்பா காட்டிக்கொடுத்த பார்கள், இவரே தேடிப் பிடித்த பார்கள் எல்லாமே அந்தப் பழைய கருவிக்குள்தான் இருந்தன. பார் இருக்கும் இடத்தை அங்கே உடன்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். எழுதிவைத்தால் எவனாவது வாசித்துவிடுவான் என்று இவர் தாளிலும் எழுதவில்லை. "முழுசா அணையதுக்கு முன்ன புதுசுக்கு மாத்தித் தா தம்பி. இது போச்சுன்னா நான் அடுத்தவன் போட்டுக்குப் பின்னால அலையணும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

கேபிளைச் சொருகினேன். அவ்வளவுதான், மவுஸின் அம்புக்குறி என் கையை விட்டுப் போய்விட்டது. மேல் மூலைக்கு ஓடியது. சீட்டு விளையாட்டைத் திறந்தது. யாருடைய கல்யாணப் போட்டோவையோ திறந்து, மாப்பிள்ளையின் மூக்குமேல் கொஞ்ச நேரம் மிதந்தது. விஷயம் இதுதான்: ஜிபிஎஸ் கருவி "இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த முனகலைக் கேட்ட கம்ப்யூட்டர், இன்னொரு மவுஸ் வந்து பேசுகிறது என்று நினைத்துக்கொண்டது. நான் இந்தப் பக்கம் இழுத்தால் அம்புக்குறி அந்தப் பக்கம் போகும். எனக்கு எரிச்சலாக வந்தது. சூசையண்ணனோ நாடியில் கைவைத்து ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீணா இழுக்காத தம்பி, நீரோட்டம் பலமாட்டு இருக்கு, தன்னால ஒதுங்கட்டு."

சத்தமில்லாத மஸ்கட்

பார்களைத் திறந்து பார்க்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, சூசையண்ணன் கருவிகளை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் ரோஸ்லெட் டீச்சர் வீட்டுக்கு நான் போகவேண்டியிருந்தது. தக்கலையிலேயே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். அவருடைய கணவர் மஸ்கட்டில். அங்கிருந்து கொடுத்தனுப்பிய வெப்கேமராவுக்குள் ஒரு மைக் இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹெட்போனிலும் ஒரு மைக். இரண்டும் யுஎஸ்பி. கேமராவைச் சொருகினால் முகம் வரும், சத்தம் போய்விடும். ஹெட்போனைச் சொருகினால் சத்தம் வரும், முகம் உறைந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களை வைத்துச் சமாளிப்பதுபோல் மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தேன். நடுவில் சூசையண்ணன் போனில் கூப்பிட்டு "அணைஞ்சிட்டா?" என்று கேட்டார். "இல்லண்ணே, காலையில பாத்தப்ப பழைய கருவி ஓடிச்சு" என்றேன். அவர் கேட்ட விதம் அன்று முழுக்க என்னை விடவில்லை.

மேஜைக்கடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது திரையில் மஸ்கட்காரர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் ஒரு பலாச்சுளையைத் தூக்கிக் காட்டினார். கணவர் அங்கே வாயைத் திறந்து காட்டினார். பிறகு இருவரும் ஒன்றும் செய்யாமல் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே மழை, அங்கே ஜன்னல் நிறைய வெயில். எனக்கு அந்த அறையில் மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது. சத்தத்தையும் சரிசெய்துவிடலாம், இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று மெல்லச் சொன்னேன்.

"சத்தம் அங்கயே கெடக்கட்டும் சாரே, பேசினா சண்டைதான் வரும், இன்னைக்குத்தான் மனுசனுக்க மொகத்தை ஒழுங்கா பாத்தேன்."

நல்ல நேரம்

அடுத்த நாள் கோட்டாறில் ஆறுமுகம் அண்ணாச்சியின் பாத்திரக்கடை. புது பிரிண்டர் பேசவில்லை. அந்தக் காலத்துப் பிரிண்டருக்கு ஒரு முறை உண்டு: முதலில் சிடியைப் போட வேண்டும், பிறகுதான் வயரைச் சொருக வேண்டும். பெட்டியிலேயே பெரிதாக எழுதியிருக்கும். அண்ணாச்சி பஞ்சாங்கம் பார்த்து, பிரிண்டருக்குச் சந்தனப்பொட்டு வைத்து, நல்ல நேரம் முடிவதற்குள் வயரைச் சொருகிவிட்டார். சிடியைப் பிரிக்கவே இல்லை. கம்ப்யூட்டர் ஆள் அடையாளம் தெரியாமல் மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டு வைத்திருந்தது. அது பிழை என்றேன். மஞ்சள் மங்களகரமாகத்தானே இருக்கிறது என்றார்.

வயரைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நல்ல நேரத்தில் சொருகியதைக் கழற்றுவதா? வாக்குவாதத்தில் டீ ஆறிப்போனது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்ப்யூட்டரில் சொருகிய முனையைத் தொடவில்லை. பிரிண்டரின் முதுகில் இருந்த முனையை மட்டும் உருவினேன். சிடியைப் போட்டு, கம்ப்யூட்டர் தயாரான பிறகு திரும்பச் சொருகினேன். பிரிண்டர் கரகரவென்று பேசியது. அந்தக் கரகரப்பிலேயே எனக்குச் சூசையண்ணனின் வழியும் தெரிந்துவிட்டது. கேபிள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்; ஜிபிஎஸ் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். கம்ப்யூட்டர் நிதானத்துக்கு வந்த பிறகு அதைப் பேசவிட வேண்டும். அண்ணாச்சி யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழத்தினது அந்தப் பக்கம்தாம்வே, நல்ல நேரம் இந்தப் பக்கம் அப்படியேதான் இருக்கு!"

துவர்த்து

நான் போன் செய்ததும் சூசையண்ணன் அன்று மத்தியானமே ஓடி வந்தார். பழைய கருவியின் திரையில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் வெளிச்சம் மிச்சம். அதை அணைத்துவிட்டுக் கேபிளைச் சொருகினேன். கம்ப்யூட்டர் அமைதியாக இருந்தது. பிறகு கருவியை முடுக்கினேன். அம்புக்குறி தானாக அசையவில்லை. பார்கள் திரைக்கு வரவேண்டியதுதான் பாக்கி; அந்த நேரத்தில் அவர் என் தோளைப் பிடித்தார். "நீ நல்ல பிள்ளதான் தம்பி. ஆனா பாக்கப்பிடாது." பார்க்காமல் எப்படி வேலை செய்வது என்று நான் கேட்டு முடிப்பதற்குள், தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டிவிட்டார்.

பஹ்ரைனில் சில வருஷம் மீன்பிடித்தவர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆனால் மவுஸை மட்டும் தொட மாட்டேன் என்றார். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர் அல்லவா? ஆக, திரையில் உள்ளதை அவர் வாசித்தார். எதை அமுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அங்கே போய்ச் சேர அவர் வழி சொன்னார். "நேரே மேல போ... பைய... இடப்பக்கம் திருப்பு... தாண்டிட்ட, பின்னால வா... அங்கன நில்லு. அமுக்கு." துவர்த்தில் உப்பும் டீசலும் மணந்தன. ஓலையில் சாரல் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்காலி மறந்துபோனது, தக்கலை மறந்துபோனது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு எங்கோ நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தேன். அத்தனை நிம்மதியாக நான் அதுவரை வேலை செய்ததில்லை.

கேபிளைப் புதுக் கருவிக்கு மாற்றி, அதே முறையில் எல்லாவற்றையும் ஏற்றினோம். அவர் புதுக் கருவியைக் கையில் எடுத்து ஒவ்வொரு பெயராக உதட்டுக்குள் வாசித்துக்கொண்டு வந்தார். திடீரென்று வாசிப்பு நின்றது. "என்னண்ணே, ஏதாவது விட்டுப்போச்சா?" மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "எனக்க அப்பனுக்க பாரு வந்துட்டு தம்பி" என்றார். எனக்கும் துவர்த்துக்குள் கண் நனைந்துவிட்டது. கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே, என் கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் என் கையாலேயே அழிக்கவைத்தார். கண்ணைத் திறந்தபோது வெறும் நீலத் திரைதான் இருந்தது. அவர் கருவிகளை மடியில் கட்டிக்கொண்டு படியிறங்கப் போனவர், வாசலில் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணத் தொறந்து ஓட்டினதவிட, கெட்டிவச்சப்பதான் ஒழுங்கா ஓட்டின கேட்டியா."

இத்தனை வருஷத் தொழிலில் நான் ஒரு குறையும் இல்லாமல் முடித்த வேலை அது ஒன்றுதான், அதைத்தான் நான் பார்க்கவே இல்லை.