வைப்பாறு நம்ம ஆறுதானே என்று நம்பிப் போனோம்: வேம்பாரிலிருந்து கீழவைப்பாருக்குக் கடலோர நடை

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடக்கும் நாட்களில் எங்கள் பக்கம் வேன் பிடித்து டூர் போவது வழக்கம். மூன்று கோயில், ஒரு கடல், பொழுது சாயவும் வீடு. கடலுக்கு ஒதுக்குகிற நேரம் இருபது நிமிடம். கால் நனைந்ததும் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். பதினோரு வருடம் அப்படித்தான் கடல் பார்த்தேன். இந்த வருடம் வேனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. கடலோரமாக ஒரு முழுப் பகல் நடக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டார்கள். காரணம் என் இடது கால். மூன்று வருடத்துக்கு முன் வேலையிடத்தில் நடந்த விபத்தில் தொடையிலிருந்து கணுக்கால் வரை வெந்துபோனது. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறி, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியே இரண்டு வருடம் ஆகிறது. ஊர்தான் இன்னும் என்னை டிஸ்சார்ஜ் செய்யவில்லை. "பாதி வழியில உக்காந்துட்டு போன் போடுவ, பாரு" என்றார் கணவரின் அண்ணன். அவர் சொன்னதற்காகவே போக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலை என் கணவரும் ஆஸ்பத்திரிக்காரர்களும் தவிர யாரும் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை. கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கும் பேண்ட்டோடுதான் மூன்று வருடமாக வாழ்கிறேன்.

கூட வந்தவர் மாரியக்கா. சாத்தூர் பக்கம் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் பேக்கிங் மேஜையில் எனக்கு எதிரே உட்காருகிறவர். ஐம்பது வயதாகிறது. கேட்டதும் "எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று மட்டும்தான் கேட்டார்.

எங்கள் ஊர் திருத்தங்கலில் காலை 4.40க்கு பஸ். சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று மாறி மாறி வேம்பார் போய்ச் சேர 8.30 ஆகிவிட்டது. ஒருவருக்கு மொத்தம் 74 ரூபாய். கடைசிப் பஸ் டவுன் பஸ் என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போகிற வழியில் சாத்தூர்ப் பாலத்தில் வைப்பாற்றை எட்டிப் பார்த்தேன். மணல், சீமைக்கருவேலம், ஓரமாக ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர். வழக்கம்போல இருந்தது.

வேம்பாரில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு (15 ரூபாய், இரண்டாவது டம்ளரும் கேட்பீர்கள்) கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். பழைய மாதா கோயில், போர்ச்சுகீசியர் காலத்தில் தொடங்கியது என்று உள்ளூரில் சொல்கிறார்கள். தடித்த சுவர், உள்ளே நல்ல குளிர்ச்சி. முத்துக்குளிக்கப் போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் படகேறிய இடம் என்று வாசலில் பூ விற்ற அம்மா சொன்னார். சரியாக 8.55க்குக் கடலை இடப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினோம்.

முதல் ஆறு கிலோமீட்டர், பெரியசாமிபுரம் வரை, யாரும் நடக்கலாம். ஈரமணல் கெட்டியாக இருக்கிறது. வலப்பக்கம் பனங்காடு, இடப்பக்கம் அலையே இல்லாத பச்சைக் கடல். ஹாரன் அடிக்க ஆளில்லை. நினைத்த இடத்தில் நின்றோம், நினைத்த இடத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். மாரியக்கா அரை மணி நேரம் சிப்பி பொறுக்கினார். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாளாகிறது.

பெரியசாமிபுரம் தாண்டினால் நிழல் இல்லை. தூரத்தில் உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம், அது பத்தாது. ஒட்டிய தோலில் வியர்வை வராது, அதனால் வெயிலில் கால் உள்ளுக்குள் காந்தும். துண்டை நனைத்துப் பேண்ட்டுக்கு மேல் காலில் கட்டிக்கொண்டு நடந்தேன். உட்காரவில்லை. போனும் போடவில்லை.

12.50க்கு, பதிமூன்றாவது கிலோமீட்டரில், நாங்கள் செய்த முட்டாள்தனம் கண் முன்னால் வந்து நின்றது. ஆறு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் நூறடிக்கு மேல் தண்ணீர், ஓடுகிற தண்ணீர்.

போன் வரைபடத்தில் இந்த ஆறு நீலக்கோடாகத்தான் இருந்தது. பெயரும் போட்டிருந்தது, வைப்பாறு. நம்ம ஆறுதானே என்று விட்டுவிட்டோம். வைப்பாற்றுக்குத் தண்ணீர் விடும் ஆனைக்குட்டம் அணை நிரம்பி மறுகால் பாய்ந்தாலே எங்கள் ஊரில் தண்ணீருக்கு மாலைபோட்டு வரவேற்பார்கள். செருப்பு நனையாமல் கடந்து பழகிய ஆற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. வேறு ஊர்க்காரர் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்.

"வைப்பாத்துல என்னைக்குடி தண்ணி ஓடியிருக்கு?" என்று மாரியக்கா என்னிடமே சண்டைக்கு வந்தார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் சிரித்துவிட்டார். பெயர் அந்தோணி என்று பிறகு தெரிந்தது. "அங்கன ஒங்க ஊர்ல அது ஆறு. இங்கன கடலு உள்ள ஏறி நிக்கிது. எங்க போறீக?"

"கீழவைப்பாரு. நடந்து."

"வள்ளத்துல கொண்டு விட்ருதேன், ஏறுங்க."

"நடந்து போறதுக்குன்னு வந்தோம்ணே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "அப்ப மூணு மணி வரைக்கும் இருங்க. தண்ணி வத்தும், அந்தா மணல் திட்டு தெரியும். தொடை அளவுக்குத்தான் இருக்கும். நான் முன்ன போறேன், என் பின்னாலயே வாங்க. ஆனா துணிய ஏத்திச் சுருட்டிக்கிடணும். ஈரத்துணி கால்ல சுத்துச்சுன்னா இழுப்புல தள்ளிரும்."

இரண்டு மணி நேரம் கரையிலிருந்த மீனவர்களின் ஓலைப் பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தேன். வள்ளம் பத்தடியில் கிடந்தது. ஏறினால் ஐந்து நிமிட வேலை, யாரும் குறை சொல்லப்போவதில்லை. பந்தலில் நான்கு ஆண்கள், மீன் தரம் பிரிக்கும் மூன்று பெண்கள். அவர்கள் முன்னால் சுருட்ட வேண்டிய பேண்ட்டை நான் கணுக்காலுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். மாரியக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா நான் மறச்சு நின்னுக்கிடுதேன்" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்குக் கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை. மூன்று வருடம் மறைத்து மறைத்து வைத்த என் மேல். தீப்பிடித்தது என் குற்றமா? நான் எதற்கு ஒளிய வேண்டும்?

3.05க்குத் திட்டு தெரிந்தது. பேண்ட்டைத் தொடை வரை சுருட்டினேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"எதுல சுட்டுச்சு?"

"பட்டாசு."

"வலிக்குமா?"

"வலி இல்ல. அரிக்கும்."

"உப்புத்தண்ணி பட்டா இன்னும் அரிக்கும். அங்கிட்டு ஏறுனதும் குழாயடி இருக்கு, நல்லதண்ணில கழுவிரு" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினார். அவ்வளவுதான். நான் மூன்று வருடம் பயந்த விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் இடுப்பைத் தொட்டது, காலடி மணல் நழுவியது. மாரியக்கா எல்லாச் சாமியையும் கூப்பிட்டார். 3.20க்கு அக்கரை. அந்தோணி அண்ணன் காசு வாங்க மறுத்துவிட்டார். குழாயடியில் கழுவிவிட்டுப் பேண்ட்டை இறக்கப் போனேன். இறக்கவில்லை. அப்படியே நடந்தேன். கீழவைப்பார் மாதா கோயில் கோபுரத்தடியில் 4.25க்குப் போய் நின்றோம். மொத்தம் 17 கிலோமீட்டர், கடைசி நாலும் மூடாத காலில் வெயில் பட.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியசாமிபுரத்துக்குப் பிறகு கடை கிடையாது. முகத்துவாரத்தில் உள்ளூர்க்காரர் துணையில்லாமல் இறங்கவே இறங்காதீர்கள், மழை பெய்த நாளில் துணையோடும் வேண்டாம், வள்ளத்தில் போங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. திரும்பும்போது கீழவைப்பாரிலிருந்து குளத்தூருக்கு ஆட்டோ 250 ரூபாய், அங்கிருந்து பஸ் இருக்கிறது. தீக்காயம் ஆறியவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் வேறு யாரையும் கேட்காதீர்கள்.

கீழே இருப்பது மாரியக்கா எடுத்த படம். பின்னால் ஆறும் கடலும் சேர்கிற இடம், முன்னால் நான். காலை வெட்டிவிட்டுப் போட்டால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று வீட்டில் ஒருவர் யோசனை சொன்னார். முழுசாகப் போட்டிருக்கிறேன், பெரிதாக்கியே பாருங்கள்.